இதயம் நின்றது என்பது இறப்புக்குக் காரணம் ஆகுமா?

கேள்வி: மன்னார்குடி வட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. என் தந்தைக்கு வயது 64. இரண்டு ஏக்கரில் சம்பா செய்துவந்தார். பதினாறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது. சென்ற ஐப்பசியில் வயலில் காலில் ஏதோ குத்தியிருக்கிறது. வலிக்கவில்லை என்று அப்படியே விட்டுவிட்டார். பத்து நாளில் கால் வீங்கிக் கறுத்து, குளிர்காய்ச்சலும் வந்தது. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஆறாம் நாள் இறந்துவிட்டார். மருத்துவமனை கொடுத்த படிவத்தின் நகலில் இறப்பின் காரணம் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று ஒரே வரியில் இருக்கிறது. பிறகு வாங்கிய இறப்புச் சான்றிதழில் காரணமே குறிப்பிடப்படவில்லை. என் தம்பி, 'அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக், அவ்வளவுதான்' என்கிறான். அவனுக்கு வயது 36. அவனுக்கும் இரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் இதய நோய் பரம்பரையாக வருகிறதோ என்று எனக்கு அச்சமாக இருக்கிறது. மருத்துவமனை எழுதியது சரியா? தவறென்றால் மாற்ற முடியுமா? மாற்றினால் காப்பீட்டுப் பணத்துக்கு இடைஞ்சல் வருமா? 'போனவர் போய்விட்டார், இதைக் கிளறி என்ன ஆகப்போகிறது' என்று அம்மா கேட்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தந்தையை இழந்த துயரம் ஆறுவதற்கு முன்பே ஒரு படிவத்தின் ஒற்றை வரி உங்களை இவ்வளவு அலைக்கழித்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அரசு மருத்துவமனைகளில் பணிபுரிந்தும், பின்னர் மருத்துவ மாணவர்களுக்குச் சமூக மருத்துவம் கற்பித்தும் காவிரிப் படுகையிலேயே முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவன் நான். நீங்கள் குறிப்பிடும் அந்த வரியை எண்ணற்ற படிவங்களில் பார்த்திருக்கிறேன். என் கையாலும் எழுதியிருக்கிறேன். ஆகவே உங்கள் கேள்விக்கு விடை சொல்லும் கடமை எனக்கு மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே உண்டு.

முதலில் உங்கள் அச்சத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்பதும் 'ஹார்ட் அட்டாக்' என்று நாம் சொல்லும் மாரடைப்பும் ஒன்றல்ல. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டு, அந்தத் தசையின் ஒரு பகுதி செயலிழந்து போவது மாரடைப்பு. அது ஒரு நோய். படிவத்தில் எழுதப்பட்டிருப்பதோ இதயத் துடிப்பும் மூச்சும் நின்றுவிட்டன என்ற செய்தி மட்டுமே. புற்றுநோயில் இறந்தவருக்கும், கொள்ளிடத்தில் மூழ்கி இறந்தவருக்கும், நூறு வயது வாழ்ந்து உறக்கத்தில் அடங்கிய மூதாட்டிக்கும் இறுதியில் அவை இரண்டும் நின்றுதான் இருக்கும். இறப்பு நேர்ந்தது என்பதை அந்தச் சொற்கள் தெரிவிக்கின்றன. ஏன் நேர்ந்தது என்பதைத் தெரிவிக்கவில்லை. எனவே அந்த வரியை வைத்துக்கொண்டு உங்கள் தந்தைக்கு இதய நோய் இருந்தது என்று உங்கள் தம்பி முடிவுகட்டுவதற்கு இடமில்லை.

காரணம் என்று எதை எழுத வேண்டும் என்பதை உங்கள் ஊர் வழக்கிலேயே சொல்லிப் பார்க்கிறேன். கடைமடையில் ஒருவருடைய சம்பா காய்ந்துபோகிறது. ஏன் காய்ந்தது என்று கேட்கும் அதிகாரியிடம் 'வயலில் ஈரம் இல்லை' என்று மட்டும் சொன்னால் அவர் எதையும் தெரிந்துகொள்ள மாட்டார். வயலில் ஈரம் இல்லாததற்குக் காரணம் வாய்க்காலில் தண்ணீர் ஏறவில்லை. வாய்க்காலில் ஏறாததற்குக் காரணம் பாமணியாற்றில் வரத்து இல்லை. பாமணியாற்றில் வரத்து இல்லாததற்குக் காரணம், ஆற்றுநீரைப் பிரித்துவிடும் நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கே தண்ணீர் வந்து சேரவில்லை. அதற்கும் மேலே கல்லணை, அதற்கும் மேலே மேட்டூர் என்று நாம் மேல்நோக்கிப் போகிறோம் அல்லவா? இறப்பையும் அப்படித்தான் பின்னோக்கித் தொடர்ந்து செல்ல வேண்டும். தொடரின் தலைப்பில் நிற்கும் நோய் எதுவோ, அல்லது காயம் எதுவோ, அதையே உலகெங்கும் மருத்துவப் புள்ளியியல் 'அடிப்படைக் காரணம்' என்று எடுத்துக்கொள்கிறது. 1948இல் உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டைத் தன் பொறுப்பில் ஏற்றுத் திருத்தியபோது நிலைபெற்ற முறை இது. நம் நாட்டின் படிவமும் அதே அச்சில் வார்க்கப்பட்டதுதான்.

நீங்கள் வைத்திருக்கும் நகலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மருத்துவமனையில் நேரும் இறப்புக்குப் படிவம் 4, வீட்டில் மருத்துவரின் கவனிப்பில் நேரும் இறப்புக்குப் படிவம் 4ஏ என்று இரண்டு உண்டு. உங்களிடம் இருப்பது முதலாவதாக இருக்க வேண்டும். அதன் முதற்பகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வரிகளுக்கு இடம் விட்டிருக்கும். மேல்வரியில் இறப்புக்கு நேரடியாக இட்டுச்சென்ற நிலை, அடுத்த வரியில் அதை உண்டாக்கியது, கடைசி வரியில் எல்லாவற்றுக்கும் தொடக்கமாக அமைந்த நோய் என்று எழுதிச்செல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது தொடங்கியதிலிருந்து இறப்பு வரையான கால அளவையும் குறிக்க வேண்டும். இரண்டாம் பகுதி, இந்தத் தொடரில் நேராகச் சேராமல் இறப்புக்குத் துணைபோன பிற நோய்களுக்கானது. இதயம் நின்றது, மூச்சு நின்றது போன்ற இறக்கும் விதத்தைக் காரணமாக எழுதக் கூடாது என்ற அறிவுரை படிவத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் அதையே எழுதுகிறோம்.

நீங்கள் விவரித்திருப்பது சரியென்றால், உங்கள் தந்தையின் படிவம் ஏறத்தாழ இவ்வாறு அமைந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்: மேல்வரியில், குருதியில் கிருமித்தொற்று பரவியதால் ஏற்பட்ட அதிர்ச்சிநிலை, இரண்டு அல்லது மூன்று நாட்கள், அதன்கீழே, வலது அல்லது இடது பாதத்தில் அழுகல் புண், ஏறத்தாழ இரண்டு வாரம், கடைசி வரியில், இரண்டாம் வகை நீரிழிவு நோய், பதினாறு ஆண்டுகள். சிறுநீரகம் பழுதாகியிருந்தாலோ இரத்த அழுத்தம் இருந்திருந்தாலோ அவை இரண்டாம் பகுதிக்குப் போயிருக்கும். உறுதியான சொல்லைச் சொல்ல வேண்டியவர் ஏடுகளைக் கையில் வைத்திருக்கும் அந்த மருத்துவர்தான். ஆனால் இந்தத் தொடரைப் படித்தால் உங்கள் தந்தை எப்படி இறந்தார் என்பது உங்களுக்கும் புரிகிறது, அவரை ஒருபோதும் பார்த்திராத எனக்கும் புரிகிறது. அந்த ஒற்றை வரியில் அது யாருக்கும் புரியவில்லை.

மருத்துவர்கள் ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்பதை என் சொந்தத் தவற்றைக் கொண்டே விளக்குகிறேன். 1987ஆம் ஆண்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்கிய நாட்களில், ஒரு வட்ட அரசு மருத்துவமனையில் நான் இரவுப் பணியில் இருந்தேன். விடியும் முன் நடவு வேலை செய்யும் பெண் ஒருவரை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். நள்ளிரவில் வயிற்றுவலி என்று எழுந்தவர், வாந்தி எடுத்தவர், பிறகு பேச்சுக் குழறிக் கண்ணிமைகள் தாமாகவே மூடிக்கொண்டன என்றார்கள். உடம்பில் காயம் எதுவும் என் கண்ணுக்குத் தென்படவில்லை. அரை மணி நேரத்தில் மூச்சு அடங்கிவிட்டது. வெளியே நாற்பது நோயாளிகள் காத்திருந்தார்கள். நான் 'மூச்சுச் செயலிழப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டு உடலை உறவினர்களிடம் ஒப்படைத்தேன். எட்டு நாள் கழித்து வேறொரு நோயாளியுடன் வந்த அந்தத் தெருக்காரர் ஒருவர், அந்தப் பெண் படுத்திருந்த பாயைச் சுருட்டும்போது அடியில் கட்டுவிரியன் கிடந்ததாகவும் அதை அடித்துப் போட்டதாகவும் சொன்னார். கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குபவர்களைக் கடிக்கும். அதன் பற்கள் சிறியவை. கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் இராது. வயிற்றுவலியும் இமைத் தொய்வும் பின்னர் மூச்சுத் தசைகளின் முடக்கமுமே அதன் நஞ்சின் அடையாளங்கள். பாடத்தில் படித்ததை அந்த இரவில் நான் நினைவுகூரவில்லை. திடீரென்று காரணம் தெரியாமல் நேர்ந்த இறப்பு என்பதால் காவல்துறைக்குத் தெரிவித்துப் பிரேதப் பரிசோதனை செய்திருக்க வேண்டும்; அதையும் செய்யவில்லை. அந்தக் குடும்பத்தில் அன்றிரவு அதே தரையில் இரண்டு குழந்தைகளும் படுத்திருந்தன என்பதைப் பின்னர் அறிந்தபோது என் கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

என் வகையான தவறு அறியாமையாலும் அவசரத்தாலும் வருவது. இளம் மருத்துவர்களுக்கு இந்தப் படிவத்தை நிரப்பும் முறையைப் பாடமாக ஒருமணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு விட்டுவிடுகிறோம். நள்ளிரவில், நோயாளியை முன்பின் பார்த்திராத பணி மருத்துவர், வழக்கு ஏட்டைப் புரட்டிப் பார்க்க நேரமின்றி, யாரும் கேள்வி கேட்க முடியாத சொல்லாக ஒன்றைத் தேடும்போது, இதயமும் மூச்சும் நின்றதாக எழுதுவது அவருக்குக் கைவந்துவிடுகிறது. இன்னொரு வகைத் தவறு குடும்பத்தாரின் வேண்டுகோளால் நேர்வது. காசநோய் என்று எழுதினால் பெண்ணுக்கு வரன் அமையாது, பூச்சிமருந்து என்று எழுதினால் போலீஸ் வரும், உடலை அறுக்க விடமாட்டோம் என்று வாசலில் நின்று கெஞ்சும் உறவினர்களைப் பார்த்து மனம் இளகி 'மாரடைப்பு' என்று எழுதிய மருத்துவர்களை நான் அறிவேன். இது நமக்கு மட்டுமே உரிய பலவீனமும் அன்று. லண்டன் மாநகரின் இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து 1662இல் நூல் வெளியிட்ட ஜான் கிராண்ட் என்பவர், மேகநோய் என்னும் பால்வினை நோயால் இறந்தவர்கள் குடும்பத்தார் கொடுத்த சிறு கையூட்டால் வேறு நோயின் கணக்கில் சேர்க்கப்பட்டதை அந்தக் காலத்திலேயே கண்டு எழுதியிருக்கிறார். இரக்கத்தால் எழுதினாலும் பொய்க் காரணம் பொய்க் காரணம்தான் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

கிராமத்தில் வீட்டிலேயே நேரும் இறப்புகளின் நிலை இன்னும் கடினமானது. அங்கே பதிவாளர் என்ற பொறுப்பு பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலருடையது. 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பதால் பங்காளி ஒருவர் போய்த் தகவல் சொல்கிறார்; 'நெஞ்சுவலின்னு சொன்னாங்க', 'வயசாயிடுச்சு', 'காய்ச்சல்ல போயிட்டாங்க' என்று அவர் சொன்னதே காரணமாகப் பதிவாகிறது. அவர் அப்படித் தகவல் தரும் பதிவுப் படிவத்தில், இறந்தவருக்குப் புகைக்கும் பழக்கம், புகையிலை மெல்லும் பழக்கம், பாக்குப் போடும் பழக்கம், மதுப்பழக்கம் இருந்தனவா, இருந்தால் எத்தனை ஆண்டுகள் என்ற கேள்விகளும் உண்டு. கும்பகோணம் வெற்றிலையும் சீவலும் இல்லாமல் ஒரு பந்தி முடியாத நம் பகுதியில், வாயில் புற்று வந்து இறந்தவருக்கும் 'பழக்கம் எதுவும் இல்லை' என்று எழுதிக்கொடுப்பதை இறந்தவருக்குச் செய்யும் மரியாதை என்று உறவினர்கள் கருதுகிறார்கள். பதிவாகும் இறப்புகளில் மருத்துவரின் சான்றோடு பதிவாகுபவை மிகக் குறைவு என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்திய அளவில் 2020ஆம் ஆண்டுக்கான அறிக்கையின்படி அது 22.5 விழுக்காடு. அந்தச் சான்று பெற்றவற்றில்தான் உங்கள் தந்தையின் படிவம் போன்றவையும் அடங்கும்.

இப்போது உங்கள் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இந்தப் படிவம் அடுக்கில் போய் உறங்கும் காகிதம் அன்று. அதில் உள்ள காரணத்தை ஒரு குறியீட்டாக மாற்றி, மாவட்ட, மாநில, தேசியக் கணக்குகளில் சேர்க்கிறார்கள். உங்கள் தந்தையின் இறப்பு சரியாக எழுதப்பட்டிருந்தால் நீரிழிவின் கணக்கில் ஒன்று கூடியிருக்கும். இப்போது எதற்கும் பயன்படாத 'இதய நிறுத்தம்' என்ற குறியீட்டில், அல்லது பொதுவாக இதய நோய்களின் வரிசையில், போய்ச் சேர்ந்திருக்கும். மேற்சொன்ன 2020ஆம் ஆண்டு அறிக்கை, சான்றளிக்கப்பட்ட இறப்புகளில் 32.1 விழுக்காடு இரத்த ஓட்ட மண்டலத்தின் நோய்களால் நேர்ந்தவை என்கிறது. இதய நோய் நாட்டின் பெரும் நோய் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணுக்குள் எத்தனை பாதப் புண்களும் எத்தனை பாம்புக்கடிகளும் எத்தனை சிறுநீரகச் செயலிழப்புகளும் மறைந்து கிடக்கின்றன என்பதை எண்ணும்போது எனக்கு மனம் நிலைகொள்வதில்லை. எந்த வட்டத்தில் எத்தனை பேர் காலில் புண் வந்து இறந்தார்கள் என்று தெரிந்தால்தானே அங்கே பாதப் பரிசோதனை செய்யும் செவிலியரும், புண்ணைச் சுத்தம் செய்யும் ஏற்பாடும், உரிய மருந்தும் வேண்டும் என்று யாராவது கேட்க முடியும்?

சரியாகக் கேட்டால் கணக்கு எவ்வளவு மாறும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகமும் ஆய்வாளர்களும் இணைந்து நடத்திய 'பத்து லட்சம் இறப்புகள்' ஆய்வில், பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் இறந்தவர்களின் வீடுகளுக்கே சென்று, கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று குடும்பத்தாரிடம் விரிவாகக் கேட்டு எழுதினார்கள். அதைப் படித்து இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே காரணத்தைத் தீர்மானித்தார்கள். இதை வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்கிறோம். அந்த முறையில் பார்த்தபோது 2005ஆம் ஆண்டில் மட்டும் பாம்புக்கடியால் ஏறத்தாழ 46,000 பேர் இறந்திருப்பார்கள் என்று தெரியவந்தது. மருத்துவமனைப் பதிவுகள் காட்டிய எண்ணிக்கை இதில் ஒரு சிறு பகுதியே. தமிழ்நாட்டிலும் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் 80,000 வயதுவந்தோரின் இறப்புகளை இதே முறையில் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டபோது, 'காரணம் தெரியவில்லை' என்றும் தெளிவில்லாமலும் கிடந்த பல இறப்புகளுக்குக் காரணம் கிடைத்தது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நான் 1987இல் எழுதிய பொய்க் காரணம் போன்றவை இனியேனும் குறைய இது வழிசெய்யும் என்று நம்புகிறேன்.

இங்கே ஒன்றை இடையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்ட நாட்களில், கருகிய பயிரைப் பார்த்து அதிர்ச்சியில் விவசாயிகள் இறந்தார்கள் என்ற செய்திகள் நம் மாவட்டங்களிலிருந்து நாள்தோறும் வந்தன. அவை பயிரால் நேர்ந்தவையா, நோயால் நேர்ந்தவையா என்று இரு தரப்பினரும் வாதிட்டார்கள். மருத்துவப் படிவத்தில் வறட்சிக்கு வரி கிடையாது, இருக்கவும் முடியாது. ஆனால் எல்லா ஆண்டுகளிலும் எல்லா இறப்புகளுக்கும் காரணம் ஒழுங்காக எழுதப்பட்டு வந்திருந்தால், அந்தக் குளிர்காலத்தில் மாரடைப்பு இறப்புகள் வழக்கத்தைவிடக் கூடினவா என்பதை எண்ணிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். எல்லா இறப்பையும் மாரடைப்பு என்று எழுதும் பழக்கம் உள்ள இடத்தில், உண்மையான மாரடைப்புக்கும் மதிப்பு இல்லாமல் போயிற்று. அந்தக் குடும்பங்களுக்கு நாம் இழைத்த அநீதிகளில் அதுவும் ஒன்று என்றே நினைக்கிறேன்.

இறப்புச் சான்றிதழில் காரணம் இல்லையே, மறைத்துவிட்டார்களோ என்று நீங்கள் ஐயப்பட வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 17ஆம் பிரிவில், யாருக்கு வழங்கும் சான்றிலும் இறப்பின் காரணத்தை வெளியிடக் கூடாது என்று சொல்கிறது. பட்டா மாற்றத்துக்கும் வங்கிக்கும் பள்ளிக்கும் காட்ட வேண்டிய தாளில் ஒருவருடைய நோய் ஊரறியத் தெரியக் கூடாது என்பதே அதன் நோக்கம். காரணம் சொல்வது மருத்துவரின் படிவம்; அதன் நகலை நெருங்கிய உறவினருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை 2023ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டாயமாக்கியது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகு இறந்ததால்தான் உங்கள் தந்தையின் படிவம் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதற்கு முன்பு இறந்தவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அந்த வரியைப் பார்த்ததே இல்லை.

மாற்ற முடியுமா என்றால், முடியும். ஆனால் மாற்ற வேண்டியவர் பதிவாளர் அல்லர், சான்றளித்த மருத்துவர். நீங்கள் முதலில் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, சேர்க்கையிலிருந்து இறப்பு வரையான சிகிச்சைக் குறிப்புகள், அறுவைக் குறிப்பு, இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிமுறை. மூன்று ஆண்டு வரை ஏடுகளைப் பாதுகாக்க வேண்டும் என்பதும் அதே விதிமுறையில் இருப்பதால் காலம் கடத்தாதீர்கள். குறிப்புகள் கைக்கு வந்தபின், சிகிச்சை அளித்த மருத்துவரை நேரில் சந்தித்து, படிவம் 4இன் மூன்று வரிகளையும் நிரப்பித் திருத்திய சான்றைத் தஞ்சாவூரில் அந்த இறப்பு பதிவான பதிவாளருக்கு அனுப்பும்படி கேளுங்கள். உங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் போவதில் பயனில்லை. இறப்பு எங்கே நேர்ந்ததோ அந்த இடத்துப் பதிவாளருக்கே அதிகாரம் உண்டு. சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, பிழையான பதிவை அவர் அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்திட்டுத் தேதி இடுவார். மருத்துவமனை செவிசாய்க்காவிட்டால், மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுதலாம். தனியார் மருத்துவமனைகள் அவருடைய மேற்பார்வையில் வருகின்றன.

அந்தச் சந்திப்புக்குச் செல்லும்போது சண்டைக்குப் போகும் மனநிலையில் போகாதீர்கள் என்று ஒரு மூத்தவனாகக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து சிகிச்சையில் குறை இருந்ததற்கான அறிகுறி எனக்குப் புலப்படவில்லை. கறுத்த பாதத்தோடும் குளிர்காய்ச்சலோடும் வருபவரைக் காப்பாற்றுவது எந்த மருத்துவமனையிலும் கடினம். முழுமையாக எழுதப்படாத படிவம் என்பது எதையோ மறைத்ததற்குச் சான்றாகாது. 'சார், அப்பாவின் நோயை முழுதாக எழுதித் தாருங்கள், எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்' என்று கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் செய்து தருவார்கள். அதற்குக் கட்டணம் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

காப்பீட்டைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டாம். வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 436 ரூபாய் பிடிக்கப்படும் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டம், சேர்ந்த முதல் முப்பது நாட்களைத் தவிர, எந்தக் காரணத்தால் இறந்தாலும் இரண்டு லட்சம் தருவது; ஆனால் அது 55 வயதோடு முடிந்துவிடுவதால் உங்கள் தந்தைக்குப் பொருந்தாது. உங்கள் தம்பி அதில் சேர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். தந்தை தனியாக ஆயுள் காப்பீடு எடுத்து மூன்று ஆண்டு கடந்திருந்தால், 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி எதைக் காட்டியும் அந்தப் பாலிசியை நிறுவனம் கேள்விக்குள்ளாக்க முடியாது. மூன்று ஆண்டு ஆகாத பாலிசியாக இருந்து, அதில் சர்க்கரை நோயைத் தெரிவிக்காமல் விட்டிருந்தால் கேள்வி எழலாம்; ஆனால் மருத்துவமனை ஏடுகளை அவர்கள் எப்படியும் பார்ப்பார்கள், ஆகவே படிவத்தில் ஒரு வரியை விட்டுவிடுவதால் எதுவும் காப்பாற்றப்படப் போவதில்லை. விபத்துக்கான திட்டங்களின் நிலை வேறு. ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்படும் பிரதம மந்திரி சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் பாம்புக்கடி போன்றவற்றுக்கு மருத்துவமனையின் உடனடிப் பதிவு சான்றாக வேண்டும் என்பதால், அங்கே 'மாரடைப்பு' என்று எழுதிவிட்டால் குடும்பத்துக்கு வரவேண்டிய தொகை வராமலே போய்விடும். உடலை அறுக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கும் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் தம்பி அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் என்று நம்பிக்கொண்டு, தன் இதயத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாரோ இல்லையோ, தன் பாதத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். நீண்டநாள் சர்க்கரை காலின் நரம்புகளை மெல்ல மரக்கச் செய்யும். முள் குத்தினாலும் நத்தை ஓடு கிழித்தாலும் வலிக்காது. உங்கள் தந்தைக்கு வலிக்காமல் போனதன் பொருள் அதுதான். சேற்றில் செருப்போடு நடவு செய்ய முடியாது என்பதை அறிவேன். ஆகவே வயலிலிருந்து ஏறியதும் கால்களைக் கழுவி, விரல் இடுக்குகள் உட்பட ஈரம் போகத் துடைத்து, வரப்பிலும் களத்திலும் செருப்பணிந்தே நடக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கொரு முறை அரசு மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவில் பாதத்தின் உணர்ச்சியை மெல்லிய நைலான் இழையால் சோதித்துக்கொள்ளட்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும் பார்க்கட்டும். மாத்திரை வாங்க ஊரைவிட்டுப் போக முடியவில்லை என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

இன்றிரவே அவர் உள்ளங்கால்களை விளக்கு வெளிச்சத்தில் நீங்களோ அவர் மனைவியோ பாருங்கள். கொப்புளமோ, வெடிப்போ, சிவந்த இடமோ கண்ணில் பட்டால் வலிக்கிறதா என்று அவரைக் கேட்காதீர்கள். மறுநாள் காலையே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.